ஆறு தட்டு, தொண்ணூறு நடை: பாரிஸ் பிஸ்ட்ரோக்களின் சின்னத் தட்டு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பாரிஸின் 11ஆம் வட்டாரத்தில், ஷரோன் தெரு 80ஆம் எண்ணில், அடுத்தடுத்து இரண்டு பிஸ்ட்ரோக்கள், அதாவது சிறிய உணவகக் கடைகள். ஒன்று செப்டிம். பெர்ட்ரான் கிரெபோவும் தெயோஃபில் பூரியாவும் 2011இல் தொடங்கியது. மேசை வேண்டுமென்றால் வெகு நாள் முன்பே பிடித்து வைக்க வேண்டும். மற்றது 2013இல் அவர்களே திறந்த கிளமாட்டோ. அங்கே முன்பதிவே கிடையாது. வந்து நின்றவருக்கு இடம். கடல் உணவும் காய்கறியும் சின்னச் சின்னத் தட்டுகளாக வரும். மேசை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவார்கள்.

இதே அமைப்பை அந்த நகரில் வேறு இடங்களிலும் பார்க்கலாம். பார்மாந்தியே அவென்யூவில் இன்யாக்கி அய்ஸ்பிதார்த்தே 2006இல் எடுத்து நடத்திய லெ ஷாத்தோபிரியானில் இரவுக்கு ஒரே மெனு. அதற்குப் பக்கத்திலேயே அடுத்த சில ஆண்டுகளில் வந்தது லெ தொஃபான். பளிங்கு பதித்த அந்தக் கூடத்தின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் கை உண்டு. சாப்பாடு முழுக்கச் சின்னத் தட்டு. நீல் தெருவில் கிரெகோரி மர்ஷானின் ஃபிரெஞ்சி 2009இல் வந்தது; எதிர்ப்பக்கமே அவருடைய ஒயின் பார். ஓதேயோன் பக்கம் ஈவ் கம்த்பொர்ட் நடத்திய லெ கொந்துவாருக்கு ஒட்டினாற்போல லாவான் கொந்துவார். நின்றுகொண்டே சாப்பிடும் மிகச் சிறிய இடம். என்னென்ன கிடைக்கும் என்பதை அட்டைகளில் எழுதிக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். தலையை நிமிர்த்திப் பார்த்துக் கேட்க வேண்டியதுதான்.

கிளமாட்டோ, லெ தொஃபான், ஃபிரெஞ்சியின் ஒயின் பார், லாவான் கொந்துவார்: நான்குமே பெரிய கடைக்கு அண்டைக் கடையாக முளைத்தவை. சின்னத் தட்டு என்ற உணவு முறை எதனால் நிற்கிறது, எதனால் சரிகிறது என்று பார்க்க இவை நல்ல களம். இந்த ஆய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தட்டில் உள்ள கற்பனையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சாப்பிட வந்தவருக்கு அந்த இரவு நல்லபடியாக அமைவதும் அமையாததும் தட்டு எப்போது புறப்படுகிறது, எதோடு சேர்ந்து புறப்படுகிறது, எவ்வளவு கைவேலை கேட்கிறது என்பதைப் பொறுத்தது. கற்பனை வேலையெல்லாம் மாலை ஏழு மணிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தது

கம்த்பொர்ட், தெற்கில் பேயார்ன் பகுதிக்காரர். கிரியோன் ஓட்டலில் கிறிஸ்தியான் கோன்ஸ்தானின் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். 1992இல் 14ஆம் வட்டாரத்தின் ஓரத்தில், நகரின் எல்லைக்கு அருகே, லா ரெகலாத் என்ற பிஸ்ட்ரோவைத் திறந்தார். பெரிய ஓட்டலின் கைப்பக்குவம், பக்கத்துத் தெருக் கடையின் விலை: அவ்வளவுதான் திட்டம். உட்கார்ந்ததும் ஒரு முழு தெரீன், அதாவது அச்சில் வேகவைத்த இறைச்சி விழுது, ஊறுகாய் வெள்ளரிப் பிஞ்சோடு மேசைக்கு வந்துவிடும். வேண்டியதை நாமே வெட்டிக்கொள்ளலாம். வெள்ளைத் துணி விரிப்பு, வெள்ளிக் கரண்டி, கூட்டமாகப் பரிமாறுபவர்கள் ஆகிய செலவுகளைக் குறைத்து அந்தப் பணத்தைச் சரக்கில் போட்டார். இந்தப் போக்குக்கு ‘பிஸ்ட்ரோனொமி’ என்ற பெயரை 2004இல் வைத்தவர் உணவு விமர்சகர் செபஸ்தியான் தெமொரான்.

லா ரெகலாத்தில் சின்னத் தட்டு இல்லை. முன்னுணவு, முதன்மை உணவு, இனிப்பு என்ற மூன்றடுக்குதான். ஆனால் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம் அங்கே விழுந்தது: சமையல்காரரே முதலாளி, சிறிய கூடம், குறைந்த ஆள், சந்தைக்கு வந்ததைப் பார்த்து மாறும் பட்டியல்.

அண்டைக் கடை ஏன்

முதல் காரணம் வாசலில் நிற்கும் ஆட்கள். இடமில்லாமல் திரும்பிப் போகிறவரைப் பக்கத்துக் கதவுக்கு அனுப்பலாம்.

இரண்டாவது, சரக்கு. ஒரே மெனு வைத்திருக்கும் பெரிய கடைக்கு மீனின் நடுத்துண்டுதான் வேண்டும். வால் பக்கம், வயிற்றுச் சதை, கன்னத்துச் சதை, முள்ளோடு ஒட்டிய சதை எல்லாம் மிஞ்சும். அண்டைக் கடையில் 60 கிராம் வயிற்றுச் சதை ஒரு தட்டாகிவிடுகிறது. இரண்டு கடைக்கும் சேர்த்து வாங்கும்போது முழு மீனாக, முழு ஆட்டுக்குட்டியாக வாங்க முடிகிறது. கழிவு குறைவதைவிட இது பெரிய லாபம்: நல்ல மீனவரும் நல்ல தோட்டக்காரரும் முழுதாக எடுப்பவருக்குத்தான் முதலில் தருவார்கள்.

மூன்றாவது, உரிமம். பிரான்சில் உணவக உரிமம் மட்டும் வைத்திருப்பவர் மதுவைச் சாப்பாட்டோடு மட்டுமே தர முடியும். வெறும் பார் நடத்த வேறு உரிமம் வேண்டும். புதிதாகக் கிடைப்பது அரிது, கைமாற்றி வாங்குவதும் செலவு. ஒயின் விற்க ஆசைப்படும் சிறிய கடைக்குச் சின்னத் தட்டு சட்டப்படியே கைகொடுக்கிறது.

நான்காவது, புகைபோக்கி. பழைய பாரிஸ் கட்டடங்களில் தரைத்தளக் கடைகள் பலவற்றில் கூரை வரை போகும் புகைக்குழாய் இல்லை. புதிதாகப் போட வேண்டுமென்றால் மேலே குடியிருப்பவர்களின் சங்கம் ஒப்ப வேண்டும். அது இல்லாத இடத்தில் பெரிய அடுப்பு, கிரில், எண்ணெய்ச் சட்டி எதுவும் வைக்க முடியாது. ஒரு மின்னடுப்பு, சிறிய அவன், வெந்நீர்த் தொட்டி, குளிர்பெட்டி, வாயுச் சுடர் பாய்ச்சும் கையடக்கத் தீயூதி. இவ்வளவை வைத்துக்கொண்டு சமைக்கும்போது பட்டியல் தானாகவே பச்சை மீன், ஊறவைத்த காய், குறைந்த சூட்டில் வெந்த முட்டை, பாலாடைக்கட்டி என்று அமைந்துவிடுகிறது. ‘புதுமை’ என்று நாம் பாராட்டும் பலவற்றின் வேர் இந்தக் குழாய் இல்லாததில் இருக்கிறது.

நடைக் கணக்கு

இனி ஆய்வின் மையத்துக்கு வருவோம். 30 இருக்கை, இருவர் மேசை 15, சமையற்கட்டில் மூன்று பேர், கூடத்தில் இரண்டு பேர் என்று ஒரு மாதிரிக் கடையை வைத்துக்கொள்வோம். பாரிஸில் இரவுக்கு இரண்டு பந்தி, ஏறக்குறைய 7.30க்கும் 9.30க்கும்.

பழைய மூன்றடுக்குச் சாப்பாட்டில் ஒரு மேசைக்கு ஆறு தட்டு; இரண்டிரண்டாக மூன்று நடை. 15 மேசைக்கு 45 நடை. சின்னத் தட்டு முறையில் இருவர் ஐந்து உப்புத் தட்டும் ஒரு இனிப்பும் வாங்குவார்கள். இங்கேயும் ஆறு தட்டுதான். ஆனால் ஒவ்வொன்றும் தனியாகப் போனால் 90 நடை. தட்டின் எண்ணிக்கை மாறவில்லை, புறப்பாடு இரட்டிப்பாகிவிட்டது. சின்னத் தட்டுக் கடை தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இதுதான். அளவு சிறிதானால் வேலையும் சிறிதாகும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பந்தி இரண்டு மணி நேரம் என்றாலும் வருகிறவர்கள் முதல் அரை மணியில் உட்கார்ந்துவிடுவதால் ஆர்டர்கள் நெருங்கி வரும். உண்மையான பாரம் சுமார் 75 நிமிடத்தில் விழுகிறது. 90 தட்டு, 75 நிமிடம்: 50 நொடிக்கு ஒன்று. ஒரு தட்டை முடித்துவைக்க மூன்று நிமிடம் ஆகுமென்றால் 270 நிமிடக் கைவேலை. அதற்கு மூன்றரை ஆளுக்கு மேல் வேண்டும். இருப்பதோ மூன்று பேர். அவர்களில் ஒருவர் சீட்டைப் படித்துத் தட்டை அனுப்பிக்கொண்டிருப்பார். அங்கே அந்த இரவு உடைந்துபோகும். ஒரு தட்டுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 135 நிமிடம்; இரண்டு ஆளுக்குக் கொஞ்சம் குறைவு. சரியாக வரும்.

ஆகவே பட்டியலில் ஒரு புதுத் தட்டைச் சேர்க்குமுன் பார்க்க வேண்டியது கடைசி நேரக் கைவேலை 90 நொடிக்குள் முடிகிறதா என்பதை. சாமணத்தால் ஏழு பூவிதழ் அடுக்கும் தட்டு படத்துக்கு அழகு; இரவு 8.40க்கு அது மற்ற எல்லா மேசையையும் நிறுத்திவைக்கும்.

நடையைக் குறைக்கவும் வழி உண்டு. முதல் இரண்டு குளிர்ந்த தட்டைச் சேர்த்து அனுப்பு, மூன்றாவதைத் தனியாக, நாலையும் ஐந்தையும் சேர்த்து, கடைசியில் இனிப்பு. நாலு நடை. 15 மேசைக்கு 60. எங்கள் பார்வையில் இதைவிட நல்ல ஒழுங்கு இல்லை, ஏனென்றால் மேசையும் இதைத்தான் கேட்கிறது. பிஸ்ட்ரோவின் இருவர் மேசை 60க்கு 70 சென்டிமீட்டர் அளவுதான். ஆளுக்கொரு சிறு தட்டு, ஒயின் கோப்பை இரண்டு, தண்ணீர்க் கோப்பை இரண்டு, தண்ணீர்க் குடுவை, ரொட்டிக் கூடை எல்லாம் வைத்தபின் 21 சென்டிமீட்டர் தட்டு இரண்டுக்கு இடம் மிஞ்சும். மூன்றாவது வந்தால் எதையாவது அவசரமாகச் சாப்பிட்டுக் காலி செய்ய வேண்டும்.

ஒரு தட்டை நெருங்கிப் பார்த்தால்

கானாங்கெளுத்தி, வெள்ளரி, மோர், சதகுப்பை எண்ணெய். பாரிஸில் இந்த வகைத் தட்டு பல உருவில் வரும். மீன் மலிவு, சுவை அழுத்தம், தீயூதி இருந்தால் போதும்.

320 கிராம் மீனில் இரண்டு பக்கச் சதை, சுத்தம் செய்தபின் ஒவ்வொன்றும் 75 கிராம் அளவுக்குத் தேறும். ஒரு மீன் ஒரு தட்டு. பச்சையாகப் பரிமாறுவதால் ஐரோப்பிய விதிப்படி முன்பே உறைய வைத்திருக்க வேண்டும்: மீனின் நடுப்பகுதி வரை மைனஸ் 20 பாகையில் குறைந்தது 24 மணி நேரம், அல்லது மைனஸ் 35இல் 15 மணி நேரம். அனிசாக்கிஸ் என்ற புழுவுக்காக இந்த விதி. கானாங்கெளுத்தியில் அது அடிக்கடி இருக்கும். எலுமிச்சையோ வினிகரோ அதைக் கொல்லாது. இன்னொரு ஆபத்து ஹிஸ்டமின். மீனைச் சூடான இடத்தில் போட்டுவைத்தால் சதையில் சேரும். பிறகு வேகவைத்தாலும் போகாது. உருகும் பனிக்கட்டி மேல், 2 பாகையை ஒட்டி வைப்பது ஒன்றே வழி.

பிற்பகலில்: சதைப்பக்கம் பொடியுப்பு தூவி பத்து நிமிடம் வைக்க வேண்டும். நீர் கசிந்து சதை இறுகும். பதினைந்து நிமிடத்தைத் தாண்டினால் கருவாட்டுப் பதம் எட்டிப்பார்க்கும். குளிர்ந்த நீரில் அலசி, துணியில் ஒற்றி, நடு முள்வரிசையை ‘வி’ வடிவில் வெட்டி எடுக்க வேண்டும். தோலின் மேல் கண்ணாடித்தாள் போல மெல்லிய படலம் ஒன்று உண்டு. தலைப்பக்கத்திலிருந்து நகத்தால் கிளப்பி வால்வரை உரித்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் தீ பட்டதும் சுருண்டு ரப்பராகிவிடும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள்; மெல்லும்போது உடனே தெரியும்.

சதகுப்பை எண்ணெய்க்கு 100 கிராம் இலை, 200 கிராம் வாசமில்லாத எண்ணெய். இலையைக் கொதிநீரில் பத்து நொடி முக்கி, பனிநீரில் போட்டு, ஈரமில்லாமல் பிழிந்து, எண்ணெயோடு 65 பாகைச் சூடு வரும்வரை அரைத்துத் துணியில் வடியவிட வேண்டும். தானாக வடிவது மட்டும் போதும். அவசரப்பட்டுத் துணியைப் பிழிந்தால் இலைச்சாறு கலந்து எண்ணெய் கலங்கும், மறுநாள் புளித்த வாடை அடிக்கும். மோர், பிரெத்தாஞ் பகுதியின் லே ரிபோ, தட்டுக்கு 40 கிராம். உப்பு நூற்றுக்கு ஒரு பங்கு. வெள்ளரியை அரை சென்டிமீட்டர் கட்டமாக வெட்டி உப்பிட்டு வடிய வைக்காவிட்டால் அதன் நீர் மோரில் இறங்கித் தட்டு மூன்றே நிமிடத்தில் குளமாகும்.

ஆர்டர் வந்தபின்: மீனைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உலோகத் தட்டில் வைப்பது 5 நொடி. தீயூதியைப் பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, நீலச் சுடரில், தோல் கொப்புளித்துப் பொன்கருப்பாகும் வரை 25 நொடி. கிட்டப் பிடித்தால் எரியாத வாயுவின் வாடை கொழுப்பில் ஏறிவிடும். ஒவ்வொரு பக்கச் சதையையும் நாலு துண்டாக வெட்டுவது 15 நொடி. மோர் 15, வெள்ளரி 15, எண்ணெய்த் துளியும் உப்புக்கல்லும் 10. மொத்தம் 85 நொடி. எட்டுத் துண்டு, இருவருக்கு நாலு நாலு, நால்வர் மேசை என்றால் இரண்டிரண்டு. தோல் சூடு, உள்சதை பச்சை, அடியில் குளிர்ந்த புளிப்பு. மூன்றும் சேர்ந்து வாயில் படும் நேரம் மிகக் குறுகியது. மேசைக்கு வந்த இரண்டு நிமிடத்துக்குள் தொட வேண்டிய தட்டு இது.

நன்றாகச் சமைத்தும் தோற்கும் தட்டுகள்

64 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்த முட்டை சமையற்கட்டுக்குப் பெரிய நிம்மதி. மாலையிலேயே எல்லாம் வெந்து, 60 பாகைத் தொட்டியில் காத்திருக்கும். உடைத்து, துளைக்கரண்டியில் தளர்வான வெள்ளையை வடியவிட்டு, காளான் சாறு மேல் வைத்தால் 20 நொடியில் வேலை முடிந்தது. ஆனால் மேசையில் இருவர் நடுவே ஒரு முட்டை. யாராவது ஒருவர் மஞ்சள் கருவைக் குத்த வேண்டும்; மற்றவர் சாற்றை ரொட்டியால் துடைக்க வேண்டும். இரண்டு முட்டை வைத்தால் தட்டு கனத்து அடுத்த தட்டுக்குப் பசி போய்விடும். இது பகிரும் தட்டே அல்ல. ஆளுக்கொன்று என்று தனியாக விற்பதே நேர்மை.

குரோக்கெத் எனப்படும் எண்ணெயில் பொரித்த உருண்டை இதற்கு நேர் எதிர். பகிர எளிது, ஆனால் மூன்று வைத்து இருவருக்குக் கொடுக்கும் பழக்கம் ஏன் நீடிக்கிறதோ தெரியவில்லை. எண்ணி விற்பதே சரி. சிப்பியை எண்ணி விற்பதுபோல. எண்ணெய்ச் சட்டியின் அளவும் கவனிக்க வேண்டியது. எட்டு லிட்டர் சட்டியில் 180 பாகை எண்ணெய்க்குள் குளிர்ந்த உருண்டை இருபது போட்டால் சூடு சட்டென்று இறங்கும். மேலோடு முறுகாமல் எண்ணெய் குடிக்கும். சில வெடித்து உள்ளே உள்ள வெண்சாஸ் வெளியே வரும். ஐந்து மேசை ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டு ஈடாகப் போடத்தான் வேண்டும். அதற்கான நாலைந்து நிமிடத் தாமதத்தைக் கூடத்தில் உள்ளவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பட்டியல் முழுக்க ஒரே சுவை ஓடுவது இன்னொரு குறை. புகைபோக்கி இல்லாத சமையற்கட்டு புளிப்பை நம்பியே ஓடும்: ஊறவைத்த வெங்காயம், ஊறவைத்த முள்ளங்கி, எலுமிச்சை, மோர், வினிகர். ஒவ்வொரு தட்டும் தனியாகச் சுவைத்தால் நன்றாக இருக்கும். ஐந்து தட்டுக்குப் பின் நாக்கு கூசும். பத்துப் பன்னிரண்டு பெயர் உள்ள பட்டியலில் புளிப்பில்லாத, கொழுப்பும் மாவும் சேர்ந்த இரண்டு தட்டாவது வேண்டும். கஞ்சிபோல் குழைந்த சோளமாவுப் பொலெந்தா, வெண்ணெயில் வதங்கிய பயறு, பழுப்பாக வறுத்த வெண்ணெயில் முட்டைக்கோஸ், எதுவானாலும் சரி. சமையற்கட்டில் நிற்பவர் கரண்டிநுனியால் ருசி பார்ப்பதால் இது அவருக்குப் பிடிபடாது. வாரத்தில் ஒருநாள் ஊழியர் இருவர் உட்கார்ந்து ஐந்து தட்டை வரிசையாகச் சாப்பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கோப்பை கழுவும் இடம்

சின்னத் தட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அநேகமாக எட்டிப் பார்க்காத மூலை இது. தமிழ் வாசகருக்கு அது நன்கு தெரிந்த மூலை. 1980களிலிருந்து பாரிஸுக்கு அகதிகளாக வந்த ஈழத்தமிழர்கள் பலருக்கு நகரின் உணவகங்களில் முதற்படி கோப்பை கழுவும் வேலைதான். அங்கிருந்து காய் வெட்டவும், பிறகு அடுப்புக்கும், தலைமைச் சமையற்காரர் இடத்துக்கும் போனவர்கள் ஏராளம். பாரிஸின் தமிழர் கடைத்தெருவான லாசப்பலில் மாலையில் நின்றால் வேலைக்குப் போகிற சமையற்கட்டு ஆட்களைப் பார்க்கலாம்.

அந்த மூலையின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நம் மாதிரிக் கடையில் 21 சென்டிமீட்டர் தட்டு 60 இருக்கிறது என்றால், 50 நொடிக்கு ஒன்றாக, 50 நிமிடத்தில் எல்லாம் வெளியே போய்விடும். அதன்பின் அனுப்பும் மேடையின் வேகம் கழுவுபவரின் வேகம்தான். இயந்திரத்தின் ஒரு சுற்று இரண்டு மூன்று நிமிடம். கடைசி அலசல் 80 பாகைக்கு மேலான நீரில் நடப்பதால் தட்டு தானே உலரும். கூடவே நன்றாகச் சுட்டுக்கொண்டு வரும். அந்தச் சூட்டுத் தட்டில் கானாங்கெளுத்தியை வைத்தால் மோர் திரிந்து, மீன் அரைவேக்காடாகி, 85 நொடி உழைப்பு வீண். குளிர்ந்த தட்டுக்கு ஒரு அடுக்கு, சூட்டுத் தட்டுக்கு ஒரு அடுக்கு என்று பிரித்து வைப்பதும், குளிர்ந்த வகை தீர்ந்துபோகிறது என்று முன்கூட்டியே குரல் கொடுப்பதும் கழுவுபவரின் கையில் உள்ளது. நல்ல கடையில் மாலைச் சுவை பார்க்கும்போது அவரையும் அழைத்து எந்த உணவு எந்தத் தட்டில் போகிறது என்று காட்டிவிடுகிறார்கள். அழைக்காத கடையில் ஒன்பது மணிக்கு மேல் குழப்பம் தொடங்கும்.

ரொட்டியும் இந்த உணவு முறையில் பக்கவாத்தியம் அல்ல. சாறும் எண்ணெயும் தட்டில் மிஞ்சுவதால் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் வரை செலவாகும். புளிமா ரொட்டியைத் தடிமனாக வெட்டித் தருவது வழக்கம். மெல்லிய துண்டு சாற்றைத் தாங்காது. பாரிஸ் நகரின் 2023ஆம் ஆண்டுச் சிறந்த பாகெத் (நீண்ட குச்சி ரொட்டி) பரிசை 20ஆம் வட்டாரத்தில் கடை வைத்திருக்கும் இலங்கைத் தமிழர் தர்ஷன் செல்வராஜா வென்றார். பரிசு பெற்றவரின் ரொட்டி ஓராண்டு குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்குப் போகும். பிஸ்ட்ரோ மேசையைச் சுற்றியுள்ள தொழில்களில் தமிழர் கை எங்கெல்லாம் எட்டியிருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

சாப்பிடப் போகிறவருக்கு

முன்பதிவு எடுக்காத கடைக்குக் கதவு திறக்கும் நேரத்திலேயே போய்விடுவது நல்லது. தவறினால் முதல் பந்தி எழும் நேரம், அதாவது ஒன்பதரையை ஒட்டி. நடுவில் எட்டு மணிக்குப் போனால் காத்திருப்புதான் மிஞ்சும். நாலு பேருக்கு மேல் என்றால் இந்த வகைக் கடைகள் சரிப்படாது. ஒரு தட்டை ஆறாகப் பிரித்தால் யாருக்கும் சுவை தெரியாது, இரண்டிரண்டாக வாங்கினால் வகை குறையும்.

கரும்பலகையில் எழுதியிருக்கும் பட்டியல் பொதுவாகப் பச்சையிலிருந்து வெந்ததற்கும், லேசானதிலிருந்து கனத்ததற்கும் இறங்கும். இருவருக்கு ஐந்து போதும். மேலிருந்து இரண்டு, நடுவில் ஒன்று, கீழிருந்து இரண்டு. புளிப்பில்லாத தட்டு எது என்று கேட்டு அதில் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலர் இரண்டு சொல்லிவிட்டுப் பசியைப் பார்த்துப் பிறகு சொல்லலாம் என்று இருப்பார்கள். நிதானமான முறை போலத் தோன்றும். உண்மையில் அதுதான் அதிகம் காக்க வைக்கும். பிறகு சொல்லும் தட்டு, போன் எனப்படும் ஆர்டர் சீட்டு வரிசையில் கடைசிக்குப் போய்விடும். முன்னால் பத்து மேசை நிற்கும். முழுவதையும் ஒரேயடியாகச் சொல்லிவிட்டு, இரண்டிரண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சமையற்கட்டுக்கு முழுச் சீட்டு கையில் இருந்தால்தான் அடுத்த மேசையின் அதே தட்டோடு சேர்த்துச் செய்ய முடியும். ஆறாவது தட்டு வேண்டுமா என்பதை மட்டும் பிறகு முடிவு செய்யலாம். அது குளிர்ந்த தட்டாகவோ பாலாடைக்கட்டியாகவோ இருந்தால் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும்.

ஒவ்வாமை இருந்தால் உட்கார்ந்ததுமே சொல்லிவிட வேண்டும். 2014 டிசம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 வகை ஒவ்வாமைப் பொருட்கள் பற்றி உணவகங்கள் தகவல் தர வேண்டும். கேட்டால் எழுத்தில் காட்டுவார்கள். நிலக்கடலைக்கு அது பயன்படும். ஆனால் பச்சை மீன் வேண்டாதவர், பன்றி உண்ணாதவர், சைவர் ஆகியோர் தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும். காய்கறித் தட்டு என்று எழுதியிருப்பதில் நெத்திலி விழுது, பன்றிக் கொழுப்பு, கோழிச் சாறு, பொனிட்டோ மீன் சீவல் இருப்பது இங்கே மிகச் சாதாரணம்.

ஒயினைக் கோப்பையாக வாங்கினால் அளவு பட்டியலில் எழுதியிருக்கும். வழக்கம் 12 முதல் 12.5 சென்டிலிட்டர், அதாவது ஒரு பாட்டிலுக்கு ஆறு கோப்பை. மூன்று கோப்பைக்கு மேல் போகும் என்றால் பாட்டில் விலையையும் ஒருமுறை பாருங்கள். இந்தக் கடைகளில் கந்தகம் குறைவான இயற்கை ஒயின் அதிகம். அதில் வரக்கூடிய எலிவாடைக் குறை மூக்குக்குத் தெரியாது. குடித்துச் சில நொடி கழித்து, உமிழ்நீர் கலந்தபின் அடித்தொண்டையில் எழும். அதனால் ருசி பார்க்க ஊற்றும்போது முகர்ந்துவிட்டுத் தலையாட்டாமல், ஒரு மிடறு விழுங்கிப் பத்து நொடி பொறுத்துச் சொல்ல வேண்டும். குறை இருந்தால் மாற்றித் தருவார்கள்.

பில்லைப் பற்றி. ஒரு தட்டு 14 யூரோ என்று வைப்போம். அதில் 10 சதவீதம் மதிப்புக்கூட்டு வரி போக 12.73. சரக்குச் செலவை 30 சதவீதத்துக்குள் வைக்க நினைக்கும் கடைக்குச் சமையல் பொருளுக்கு 3.82 யூரோதான் இடம். கானாங்கெளுத்தி, வெள்ளரி, மோர் அதற்குள் அடங்கும். நண்டும் காட்டுக்காளானும் அடங்காது, அந்தத் தட்டு 22 ஆகிவிடும். ஐந்து தட்டும் ஒரு இனிப்பும் சேர்ந்தால் இருவருக்கு 80 யூரோவை எட்டும், ஒயின் தனி. அதே வட்டாரத்தில் மதியம் மூன்றடுக்கு மெனு தரும் பிஸ்ட்ரோவில் வயிறு இதைவிட மலிவாக நிறையும். சின்னத் தட்டுக்குப் போவது வகை பார்க்க; நல்ல பசியோடு போகிறவர் கனத்த தட்டில் தொடங்குவதே மேல்.

தண்ணீர்க் குடுவைக்கும் ரொட்டிக்கும் காசு கேட்கக் கூடாது. சாப்பாட்டோடு அவை சேர்த்தி என்பது 1967ஆம் ஆண்டு ஆணையிலிருந்து உள்ள விதி. பாட்டில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். ‘உன் கராஃப் தோ’ என்றால் குழாய்த் தண்ணீர் வந்துவிடும். சேவைக் கட்டணமும் விலைக்குள்ளேயே அடக்கம். அதற்குமேல் வைப்பது உங்கள் விருப்பம். சில்லறையாக இரண்டு மூன்று யூரோ வைப்பார்கள், வைக்காமல் போனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்தவர் ஒன்பதே காலுக்குப் பில் கேட்டுவிட்டால் நல்லது. ஒன்பதரைக்கு அந்த மேசைக்கு ஆள் வாசலில் நிற்பார்.